15 நிமிட நகரம் திறந்தவெளிச் சிறையா?

"15 நிமிட நகரம் என்ற பெயரில் ஆக்ஸ்போர்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் உங்கள் மண்டலத்தைத் தாண்டினால் அபராதம். அடுத்தது நம் ஊர்தான்!" சமூக ஊடகங்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பியதில் பிறந்தது இது.

முதலாவது, 15 நிமிட நகரம். பாரிஸ் சொர்போன் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்த யோசனை. கடை, பள்ளி, மருத்துவர், பூங்கா எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் எட்டும்படி ஊரைத் திட்டமிடுவது. அவ்வளவுதான். அதைத் தாண்டிப் போகக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது, போக்குவரத்து நெரிசலைக் குறைக்க ஆக்ஸ்போர்டு நகரம் இருக்கும் மாவட்டத்தின் நிர்வாக மன்றமான ஆக்ஸ்போர்டுஷயர் கவுன்டி கவுன்சில் 2022 நவம்பரில் ஒப்புதல் தந்த சோதனைத் திட்டம். ஆறு சாலைகளில் கேமரா வைத்து, குறிப்பிட்ட நேரத்தில் தனியார் கார்கள் அந்த இடத்தைக் கடந்தால் 70 பவுண்டு அபராதம் என்பது திட்டம். சரி, அந்த 'ஆறு' எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? ஆறு கேமரா இடங்கள், ஆறு மண்டலங்கள் ஆகிவிட்டன!

பஸ், டாக்சி, சைக்கிளுக்குத் தடையில்லை. நடந்து போகிறவரை யாரும் கேட்கப்போவதில்லை. நகரவாசிகள் ஆண்டுக்கு 100 நாள் காரிலேயே கடக்க அனுமதி வாங்கலாம் என்றும் திட்டத்திலேயே இருந்தது. மற்ற நாட்களிலும் சுற்றுச்சாலை வழியாக நகரின் எந்தப் பகுதிக்கும் காரில் போகலாம். கொஞ்சம் சுற்று, அப்புறம் பெட்ரோல் செலவு. கடைக்காரர்கள் இதை எதிர்த்தது நியாயமான சண்டை. சிறைக் கதை வேறு.