மண்டபம் கடற்காற்றில் ஒரு வருடம் வைத்துப் பாருங்கள்

போன வாரம் கடற்கரையோர சுகாதார நிலையம் ஒன்றில் ஒரு மானிட்டரைத் திறந்தேன். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் காட்டுமே, அந்தக் கருவி. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. உள்ளே கனெக்டர்கள் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பக்கத்தில் நின்ற செவிலியர் அக்கா முகம் வாடிவிட்டது. "ஒரு நாள்கூட இதுல தண்ணி பட விட்டதில்லையே தம்பி, எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. தினமும் துடைத்து, துணி போட்டு மூடி, பிள்ளை போலத்தான் வைத்திருந்தார். ஆனால் ஜன்னலுக்கு நேரே கடல். உப்பு காற்றிலேயே வருகிறது. மானிட்டருக்குள் சூட்டைத் தணிக்க ஒரு சின்ன மின்விசிறி இருக்கும். அது இரவும் பகலும் அந்தக் காற்றை இழுத்து, மின்சுற்று இருக்கும் போர்டின் மேல் ஊதுகிறது. துணி என்ன செய்யும்?

கம்பெனிக்குப் போன் செய்தேன். உலோகம் அரித்துப் போகும் அரிமானத்தால் வந்த பழுது வாரண்டியில் வராது, போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலை ஏறக்குறைய புதுக் கருவியின் பாதி.

நான் தங்கச்சிமடத்துக்காரன். பதினோரு வருடமாக ராமேஸ்வரத்திலிருந்து சாயல்குடி வரை மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் படகில் ஒரு ஜிபிஎஸ் கருவியும் ஒரு வயர்லெஸ் செட்டும் இருக்கின்றன. அலை அடிக்கிறது, மழை பெய்கிறது, ஐஸ் தண்ணீர் தெறிக்கிறது. ஏழு வருடமாக இரண்டும் ஓடுகின்றன. காரணம் எளிது. அவற்றைச் செய்தவர்கள் கடலை நினைத்துச் செய்தார்கள். போர்டின் மேல் உப்பும் ஈரமும் ஏறாத மெல்லிய பூச்சு, பெட்டியின் இணைப்பில் ரப்பர் வளையம், தங்க முலாம் பூசிய கனெக்டர். இவ்வளவுதான், ராக்கெட் வித்தை ஒன்றும் இல்லை. கடலில் வழி காட்டும் கருவிக்குக் கிடைக்கிற அந்தப் பூச்சு, பிரசவ அறையில் இருக்கும் கருவிக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மருத்துவக் கருவித் துறையில் புதுமை என்றால் எல்லோரும் செயற்கை நுண்ணறிவு, ரோபோ அறுவை சிகிச்சை என்று பேசுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு கருவி எந்த ஊர்க் காற்றில், எந்த மின்சாரத்தில், எந்தக் கையில் வேலை செய்யப்போகிறது என்று யோசிப்பதும் புதுமைதான். எங்கள் கரைக்கு அதுதான் முதலில் வேண்டும்.

சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் என்சைம் தடவியிருக்கும். ஈரம் பட்டால் அது கெடும். அதனால்தான் ஸ்ட்ரிப் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். கூட்டம் நிறைந்த முகாமில் அந்த மூடியை ஒவ்வொரு முறையும் இறுக்கி மூட யாருக்கு நேரம்? எங்கள் ஊர்க் காற்றில் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து வரும் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் எவ்வளவு ஆபத்து! அப்புறம் ஈசிஜி. மணல்மேட்டுக் கட்டடங்களில் நல்ல எர்த் கிடைப்பது பெரும்பாடு. காய்ந்த மணல் மின்சாரத்தை லேசில் உள்வாங்காது. தாளில் கோடு முழுக்கக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் நடுக்கம் ஓடும். அதில் இதயத்தை எங்கே தேடுவது?

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கதை இன்னும் மோசம். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் கணக்குப் போடும் கருவி அது. 1970களில் ஜப்பானில் டகுவோ அயோயாகி கண்டுபிடித்த அருமையான யோசனை, எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் கறுப்புத் தோலில் அந்தக் கணக்கு பிசகுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். வெயிலில் கறுத்த எங்கள் அப்பாக்களின் விரலில் அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்ற கவலை, அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு உண்டு. பாம்பன் பக்கம் சின்னப்பாலம் கிராமத்தில் கடல்பாசி எடுக்கும் அக்காமார் விரலில் துணி சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். கரையேறும்போது விரல் சில்லிட்டு, வெள்ளையாகச் சுருங்கியிருக்கும். ஓர் அக்காவுக்கு மூன்று விரலில் மாட்டிப் பார்த்தேன். மூன்றிலும் எண் வரவில்லை.

நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ராமேஸ்வரத்தில் பிறந்த கலாம் ஐயாவே வழி காட்டியிருக்கிறார். ஹைதராபாத்தில் அவர் ஏவுகணை வேலையில் இருந்தபோது, கால் ஊனமான பிள்ளைகள் காலைத் தாங்குவதற்கு மாட்டும், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதை ஓர் எலும்பு மருத்துவர் அவருக்குக் காட்டினார். ஏவுகணைக்குப் பயன்பட்ட எடை குறைந்த பொருளை வைத்து 300 கிராமில் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, பிள்ளை நடப்பதைக் கண்ணால் பார்த்ததால் நடந்தது அது.

மதுரை ஆரோலேப் இன்னொன்று. 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டு லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குதான். என் பெரிய அப்பத்தா கண்புரை எடுத்த பிறகு சாகும்வரை சோடாபுட்டிக் கண்ணாடியோடு தடவித் தடவி நடந்தார். சின்ன அப்பத்தாவுக்கு லென்ஸ் வைத்தார்கள், எழுபது வயதுக்கு மேலும் வலை பின்னினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழு செய்த இதய வால்வில் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் மனித இதயத்தில் ஏறியது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியாயிற்று.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்கு, ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊரில் அரிமான ஆய்வு நிலையம் இருக்கிறது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வைத்து எவ்வளவு அரிக்கிறது என்று அளக்கிறார்கள். அதே காற்றில் மருத்துவக் கருவிகளையும் ஒரு வருடம் ஓட விடுங்கள். தாங்கியது எது, தாங்காதது எது என்று வெளியிடுங்கள். மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்குகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கடலோர மாவட்டங்களுக்கான டெண்டரில் "கடற்காற்றுச் சோதனையில் தேறியிருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரிக்காகவே கம்பெனிகள் பூச்சு பூசும்.

செலவு கூடும், சின்னக் கம்பெனிகள் தாங்காது என்பார்கள். அந்தக் கவலை நியாயம்தான். 2017 மருத்துவக் கருவி விதிகள் வந்த பிறகு உரிமம், தரச் சான்று, ஆவணம் என்று சிறு தொழில் செய்பவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் சோதனைக் கட்டணத்தை அவர்கள் தலையில் கட்டாமல் அரசே ஏற்கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு மானிட்டர் வாங்கும் பணத்தை விட அது நிச்சயம் குறைவாகத்தான் இருக்கும்.

அந்த மானிட்டரின் போர்டை ஆல்கஹாலில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு கனெக்டர் மாற்றி, படகு வயர்லெஸ் பழுது பார்க்கும் அண்ணனிடம் வாங்கிய பூச்சையே அடித்து வைத்திருக்கிறேன். நேற்று வரை ஓடுகிறது. திறந்த போர்டுகளின் படங்கள் பதினோரு வருடத்துக்கு என்னிடம் இருக்கின்றன, எந்த ஊர், வாங்கி எத்தனை மாதம் என்ற குறிப்போடு. கொள்முதல் பட்டியல் எழுதும் இடத்திலோ, கருவி வடிவமைக்கும் இடத்திலோ இருப்பவர்கள் இதைப் படித்தால் உள்பெட்டியில் கேளுங்கள். அத்தனையும் அனுப்புகிறேன்.