டேட்டா விலையை ஏத்தச் சொல்கிறவர் வீட்டில் ஒயர் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த பரிசளிப்பு விழாவில், கம்பெனி நடத்துகிற அந்த அண்ணன் பேசிய வீடியோ இந்நேரம் எல்லா குரூப்பையும் சுற்றி முடித்திருக்கும். பார்க்காதவர்கள் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் மறுபடி பகிரப் போவதில்லை. "டேட்டா சல்லிசாக் கிடைக்கறதுனாலதான் பசங்க கெட்டுப்போச்சு, மாசம் ஆயிரம் ரூபாய்னு ஆக்கிப் பாருங்க, எல்லாம் ஒழுங்கா வேலைக்கு வரும்" என்றார். அதற்கு அத்தனை கைதட்டல். கைதட்டியதில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. எதுக்கு வம்பு என்று சும்மாத்தான் இருந்தேன். நேற்று இன்னொருவர் "அண்ணன் நச்சுன்னு சொல்லிட்டார்" என்று பதிவு போட்டதும் பொறுக்க முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். கட்டுப்படியாகிற விலையில், இன்றைக்கு இவ்வளவுதான் என்று பாதியில் கழுத்தைப் பிடிக்காத டேட்டா திட்டம் வேண்டும். எல்லா நிறுவனமும் அதைக் கொடுக்க வேண்டும். விலையை ஏத்து என்று மேடையில் சொல்கிறவர் வீட்டில் ஃபைபர் ஒயர் இறங்கியிருக்கிறது. டிவி, லேப்டாப், வாசல் கேமரா எல்லாம் அதிலேயே ஓடும். அந்த வீட்டில் யாருக்கும் மத்தியானமே "இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்துவிட்டது" என்று மெசேஜ் வருவதில்லை. எங்களுக்கு இருக்கிற ஒரே இணையம் கையில் இருக்கிற போன்.

"அப்படின்னா நீங்களும் ஒயர் இழுத்துக்கோங்க, மாசம் நானூறு, ஐநூறுதானே" என்று கேட்பீர்கள். நாங்கள் இருப்பது திருப்பூரில் லைன் வீடு. சுவரில் ஆணி அடிக்கவே ஓனர் அம்மாவிடம் கேட்க வேண்டும். வேலை மாறினால் வீடு மாறும், வீடு மாறினால் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் மாறும். இதில் ஒயரையும் மோடத்தையும் எங்கே தூக்கிக்கொண்டு போவது? சரி, ஊரில் மாமனார் தோட்டத்துக்காவது இழுக்கலாமா என்றால், அது காங்கேயம் பக்கம், தார் ரோட்டை விட்டு இறங்கி இட்டேரி வழியாக உள்ளே போக வேண்டும். ஒரு சாளைக்காக, அதாவது ஒற்றைத் தோட்டத்து வீட்டுக்காக, எந்தக் கேபிள்காரரும் அவ்வளவு தூரம் கம்பம் நட்டு வரமாட்டார். போன்தான் எங்களுக்கு எல்லாம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது மூத்தவள் கதையைச் சொல்கிறேன். பொறியியல் கலந்தாய்வு 2018-லிருந்து ஆன்லைன்தான் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பு போல அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறி சென்னைக்குப் போக வேண்டியதில்லை. நல்லதுதான், செலவு மிச்சம். ஆனால் அந்தப் பஸ் டிக்கெட்டுக்குப் பதில் இப்போது டேட்டா வேண்டும். எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்ற வரிசையைப் பூட்டவேண்டிய கடைசி நாள், சாயங்காலம் 5 மணியோடு முடிகிறது. காலையிலிருந்து எந்தக் காலேஜ் எப்படி, போன வருஷம் கட்-ஆஃப் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்திருக்கிறாள். சொல்லிக் கொடுக்க வீட்டில் படித்தவர் யாரும் இல்லை, அவளேதான் பார்த்தாக வேண்டும். மூன்று மணிக்கு மேல் டேட்டா தீர்ந்துவிட்டது.

நான் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் இருக்கிறேன். போன் அடிக்கிறது. "அம்மா, பாதி லிஸ்ட் வந்து நின்னுக்கிச்சு, கீழ வெள்ளையா இருக்குது." கூடுதல் பேக் போட்டுக்கொள் கண்ணு என்றேன். "ரீசார்ஜ் ஆப்பே திறக்க மாட்டேங்குதும்மா" என்றாள். டேட்டா வாங்குவதற்கே டேட்டா வேண்டியிருக்கிறது. அளவு தீர்ந்ததும் வேகத்தை 64 கேபிபிஎஸ் என்று இறக்கிவிடுகிறார்கள். அந்த வேகத்தில் ஒரு எம்பி படம் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அரசாங்கப் பக்கம் ஒன்று திறந்து, லாகின் ஆகி, ஓடிபி போட்டு உள்ளே போவதற்குள் வெளியே தள்ளிவிடும். கையில் இருந்த பீஸை அப்படியே வைத்துவிட்டு, சூப்பர்வைசர் பார்வையைத் தாண்டி, செக்கிங்கில் இருக்கும் அக்காவின் போனில் இருந்து அவளுக்கு பேக் போட்டுவிட்டேன். சீட் கிடைத்துவிட்டது, இப்போது படிக்கிறாள். அன்றைக்கு அந்த அக்கா லீவ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெசனமாக இருக்கிறது.

கூடுதல் பேக் என்று சொன்னேன் அல்லவா. உலகத்திலேயே இந்தியாவில்தான் டேட்டா மலிவு, ஒரு டீ விலைக்கு ஒரு ஜிபி கிடைக்கிறது என்று பெரியவர்கள் எல்லாம் பேசுகிறார்கள். மற்ற நாட்டோடு ஒப்பிட்டால் மலிவுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டீக்கடையில் இன்றைக்குக் காசில்லை என்றால் இன்றைக்கு டீ குடிக்காமல் போகலாம். இங்கே 28 நாளைக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். 28 நாள் கணக்கில் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 2024 ஜூலையில் எல்லா தனியார் நிறுவனங்களும் ஒட்டுக்கா விலையை ஏத்தினார்களே, அப்போது ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி திட்டம் 239-லிருந்து 299 ஆனது. ஒரு ஜிபி கூடுதல் பேக் 15-லிருந்து 19 ஆனது. எங்கள் வீட்டில் நான், அவர், மூத்தவள் மூன்று பேருக்கும் 299 போட்டால் 897 ரூபாய். என் ஒரு ஷிப்ட் கூலிக்கு மேல் அதற்கே போகிறது. இதை ஆயிரமாக ஆக்கு என்கிறார் அண்ணன். ஒரு ஆளுக்கு ஆயிரம்!

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டெலிபோன் கம்பெனியில் வேலை செய்கிற தம்பி ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஒயரில் வருவது வேறு, டவரில் வருவது வேறு. ஒரு டவரின் அலைக்கற்றையை அந்தப் பகுதி ஆட்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம், அளவே இல்லை என்று விட்டால் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு யாருக்குமே கிடைக்காது என்றார். புரிகிறது. ஆனால் தம்பி, இதே கம்பெனிகள்தானே 5ஜி போன் வைத்திருப்பவர்களுக்கு அளவில்லாமல் கொடுக்கிறார்கள்? 2022-இல் ஜியோவும் 2023-இல் ஏர்டெல்லும் அறிமுகச் சலுகை என்று ஆரம்பித்தார்கள், 2024 ஜூலைக்கு அப்புறம் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டம் போட்டால்தான் என்று மாற்றினார்கள். அப்படியென்றால் விலை உயர்ந்த போனும் விலை உயர்ந்த திட்டமும் வைத்திருப்பவருக்குக் கணக்கு இல்லை. பழைய 4ஜி போன் வைத்திருக்கிற எங்களுக்குத்தான் ஒவ்வொரு எம்பிக்கும் கணக்கு. 5ஜிக்கு அலைக்கற்றை அதிகம் என்று சொல்வீர்கள். சரி, அளவு தீர்ந்த பிறகு 64 கேபிபிஎஸ் என்று முடக்காமல் நொடிக்கு ஒரு மெகாபிட் வேகமாவது விடுங்கள். பாடம் ஓடும், விண்ணப்பப் பாரம் திறக்கும், பணம் அனுப்பலாம். சினிமாவைப் பளபளவென்று பார்க்கவா கேட்டோம்?

கம்பெனிகளுக்கு நஷ்டம் என்று ஒரு கூட்டம் கிளம்பி வரும். வோடபோன் ஐடியா தனக்குத் தர வேண்டிய பாக்கியை அரசாங்கம் பங்காக மாற்றிக்கொண்டதில், 2025-இல் அந்தக் கம்பெனியில் அரசாங்கத்தின் பங்கு கிட்டத்தட்ட 49 சதவீதம் ஆனது. மக்கள் பணம்தானே அது? அப்புறம் மக்கள் விலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் என்ன தப்பு? போட்டி இருந்தால் விலை தானாகக் குறையும் என்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது குறைந்தது, உண்மை. அப்புறம் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். 2018-இல் ஏர்செல் திடீரென்று நின்றுபோய், நம்பரை மாற்ற நம் ஊர்க் கடைகளில் ஜனம் வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு மிச்சம் தனியாரில் மூன்று, அப்புறம் பிஎஸ்என்எல். மூன்று பேரும் ஒரே வாரத்தில் விலை ஏத்தும்போது நாங்கள் எங்கே போவது?

அரசாங்கம் தலையிட முடியாதா? முடியும் என்று மாமனாரின் மோட்டாரை வைத்தே சொல்வேன். அவர் தோட்டத்து மோட்டார் ரூமில் மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம். ராத்திரி கரண்ட் வந்தால் கட்டிலில் இருந்தபடியே போன் போட்டு மோட்டாரை எடுத்து விடுவார், பாம்பு திரிகிற வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டாம். அந்தச் சிம்முக்கு டேட்டாவே வேண்டாம், ஆனாலும் டேட்டாவோடு சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தோம். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி போட்டது. அடுத்த மாதமே கொண்டு வந்தார்கள். 84 நாள், 365 நாள் என்று மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள் என்பது தனி வருத்தம். ஆனால் சொன்னதும் நடந்தது. டேட்டா வேண்டாதவனுக்காக விதி போட முடிந்தவர்களால், டேட்டாவை மட்டுமே நம்பி இருக்கிறவளுக்காகவும் போட முடியும்.

பசங்க கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன், அதுதான் எல்லோருக்கும் பிடித்தது. போனில் ரம்மி ஆடிப் பணத்தை விட்டவர்கள் எங்கள் லைனிலும் உண்டு. ஒன்று யோசியுங்கள், சீட்டாட எவ்வளவு டேட்டா வேண்டும்? கொஞ்சம்தான். ஒரு மணி நேரப் பாட வீடியோவுக்குத்தான் நிறைய வேண்டும். விலையை ஏத்தினால் ரம்மி ஆடுகிறவன் கடன் வாங்கியாவது ஆடுவான், படிக்கிற பிள்ளை வீடியோவை மூடிவிடும். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, நம்ம எடப்பாடி ஊர்க்காரர் முதல்வராக இருந்தபோது, 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவித்தார். படிப்புக்கு டேட்டா வேண்டும் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட விஷயம். கொரோனா போனதும் படிப்பும் போனிலிருந்து போய்விட்டதா? இன்றைக்கும் வகுப்பு குரூப்பில்தான் பிடிஎஃப் வருகிறது, எங்கள் காண்ட்ராக்ட்காரர் குரூப்பில்தான் நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரிகிறது.

"ஒழுங்கா வேலைக்கு வரும்" என்றாரே, அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. போன் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் அவர் கம்பெனிக்குக் கைமடிக்கிற உதவியாள் வேலைக்கு வந்துவிடும் என்ற நினைப்பு. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிற கஷ்டம் அவருக்கு இருக்கலாம். அதற்கு எங்கள் பிள்ளைகளின் படிப்பில் கை வைப்பதா? அப்புறம் இன்னொன்றும் சொன்னார், வீடியோவில் அதை வெட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். "பொட்டப்புள்ளைக எதுக்கு ராத்திரி போனை நோண்டுதுக" என்றார். அங்கே உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். 2019-இல் கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில் பெண்களுக்கு போன் கட்டுப்பாடு போட்டபோது, இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையோடு சேர்ந்தது என்று அங்கே உயர் நீதிமன்றமே சொன்னது. ராத்திரிதான் என் பிள்ளைக்கு நேரம். நான் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும்வரை தண்ணி பிடித்து, சோறாக்கி, தம்பியைப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் அவள் புத்தகத்தையும் போனையும் எடுக்கிறாள்.

அது பரிசளிப்பு விழா. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். என் சின்னவளும் அதில் இருந்தாள். என் போனை ராத்திரியில் வாங்கிப் படித்துத்தான் அந்த மார்க்கை எடுத்தாள். அவளுக்கு ஷீல்டு கொடுப்பதற்கு முன்னால் அவர் பேசிய பேச்சு இது. வீட்டுக்கு வந்து ஷீல்டை டிவி மேல் வைக்கவில்லை, பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். எடுத்து வைக்கச் சொன்னாலும் கேட்கவில்லை.

"மேடையில் ஏதோ வேகத்தில் சொல்லிவிட்டார், பெரிய மனுஷன், ஊருக்கு எவ்வளவோ செய்கிறவர்" என்று நேற்று ராத்திரியிலிருந்து மெசஞ்சரில் வருகிறார்கள். செய்கிறார், மறுக்கவில்லை. அதற்காக அவர் சொன்னது சரியாகிவிடாது. கைதட்டியவர்கள் மெசஞ்சரில் வந்து எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். விலை ஏறத்தான் வேண்டும் என்று நினைத்தால் உங்கள் வீட்டில் ஒயர் இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்து, இங்கேயே கமெண்டில் எழுதுங்கள். நான் பதில் சொல்கிறேன்.