எல்லா லைட்டரும் சிகாருக்கு சரிப்படாதுங்க

எந்த லைட்டர்லயும் சிகார் பத்த வைக்கலாம்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, அத மட்டும் ஒத்துக்க முடியல. பெட்ரோல் லைட்டர்னா அந்த வாடை முதல் சில இழுப்புக்கு நாக்குலயே நிக்கும், மெழுகுவத்தியும் அதே கதைதான். பியூட்டேன் (கேஸ்) லைட்டர் நல்லது, இல்லன்னா நீளமான தீக்குச்சி, ஆனா உரசினதும் நுனி மருந்து முழுசா எரிஞ்சு முடியட்டும், அப்புறம் கிட்ட கொண்டு போங்க. பல பேரு சிகரெட் பழக்கத்துல வாயில வச்சுக்கிட்டு நேரா நெருப்புக்குள்ள விட்டுடுறாங்க. முதல்ல கையில சாய்ச்சு புடிச்சு, தீ முனையை தொடாம கொஞ்சம் தள்ளி வச்சு மெதுவா சுத்திக்கிட்டே இருங்க, ஓரம் பூரா கருத்து லேசா புகை வரும், அதுக்கப்புறம்தான் வாயில வச்சு சுத்திக்கிட்டே மெல்ல இழுக்கணும். தீ வேகமா பீச்சி அடிக்கிற டார்ச் லைட்டர்னா இன்னும் தள்ளி புடிங்க, அது மேல் இலையை பொசுக்கிடும் (எவ்ளோ காசு போட்டு வாங்கினதா இருந்தாலும் கரி டேஸ்ட்தான்). கடைசியா முனையில லேசா ஊதி பாருங்க, நடுவும் ஓரமும் ஒரே மாதிரி செவப்பா மின்னணும், எங்கயாவது கருப்பா திட்டு தெரிஞ்சா அங்க மட்டும் தீ காட்டினா போதும். இத விட்டீங்கன்னா ஒரு பக்கமா எரிஞ்சு ஓடும், அப்புறம் அதோட மல்லுக்கட்டிட்டே இருக்கணும்.