நனைந்த போனை அரிசியில் புதைக்காதீர்கள்

"தண்ணீரில் விழுந்த போனை ஒரு நாள் அரிசிக்குள் புதைத்து வையுங்கள், ஈரம் முழுக்க உறிஞ்சப்பட்டுவிடும்" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் தகவல் தவறு.

மூடிய போனுக்குள் புகுந்த நீரை வெளியே இழுக்கும் சக்தி அரிசிக்கு இல்லை. போன் காய்வதற்குக் காற்றோட்டம்தான் வேண்டும்; அரிசிக்குள் புதைத்தால் அதையே தடுக்கிறோம். போதாததற்கு அரிசியின் பொடித் துகள்கள் சார்ஜ் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐபோனை அரிசிப் பையில் போட வேண்டாம், துகள்கள் அதைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. அந்த நிறுவனத்தின் இணையதள உதவிப் பகுதியில், திரவ எச்சரிக்கை பற்றிய பக்கத்தில் யாரும் இதைப் படித்துப் பார்க்கலாம்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? கேபிளைக் கழற்றுங்கள். துளை கீழே பார்க்கும்படி போனைப் பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். அப்புறம் காற்றாட வைத்துவிடுங்கள். குறைந்தது 30 நிமிடம் கழித்தே சார்ஜ் போட்டுப் பார்க்கலாம். முழுதாகக் காய 24 மணி நேரம் வரை ஆகலாம். இந்தப் பொறுமைதான் பலருக்கும் கஷ்டம், எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஹேர் டிரையர் சூடு வேண்டாம், துளைக்குள் பஞ்சுக்குச்சியும் வேண்டாம்.

அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.