கட்டி கரையாது, வளர்ச்சிதான் நிற்கும்

செவி நரம்புக் கட்டிக்கு (காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வரும், புற்றுநோய் அல்லாத கட்டி) கதிர்வீச்சு கொடுத்தால் கட்டி கரைந்துவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். காமா நைஃப் (கத்தியில்லாமல் கதிர்களைக் கட்டியில் குவிக்கும் சிகிச்சை) செய்துகொண்டவன் என்ற முறையில் ஒரு திருத்தம். பெரும்பாலும் வளர்ச்சிதான் நிற்கும். பலருக்குப் பின்னாளில் கொஞ்சம் சுருங்கும். ஆனால் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அது வீங்கிப் பெரிதானது போல எம்.ஆர்.ஐ.யில் தெரியலாம். இதை முன்பே சொல்லாவிட்டால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று நோயாளி பதறிப்போவார். எனக்கு மருத்துவர் சொல்லியிருந்தார், பிழைத்தேன்.

சிகிச்சையன்று வலித்தது, தலை அசையாமலிருக்கச் சட்டகம் பொருத்துவதற்கு மரத்துப்போகும் ஊசி போட்டபோது மட்டும்தான். அப்புறம் சும்மா படுத்திருக்க வேண்டியதுதான். சுமார் 200 மெல்லிய கோபால்ட் கதிர்கள் ஓரிடத்தில் குவிகின்றன. கட்டியின் விளிம்புக்குப் பொதுவாக 12, 13 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு.

கட்டுரையில் விடுபட்டது காது கேட்பது பற்றி. கட்டியை ஒட்டிச் செல்லும் முக நரம்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது, ஆனால் மிச்சமிருக்கும் கேட்கும் திறன் சில ஆண்டுகளில் மெல்லக் குறையலாம். காதுக்குள் கேட்கும் இரைச்சலும் போய்விடும் என்று நம்ப வேண்டாம், எனக்கு இன்னும் இருக்கிறது.

சிறிய கட்டி, வளரவில்லை என்றால் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். 3 சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்தினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பமெல்லாம். அவர்கள் அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் இருவரிடமும் கேட்க வேண்டும் (இருவரும் அவரவர் கருவிக்கே பரிந்து பேசலாம், அது வேறு விஷயம்).

அடுத்த முறை சமநிலைப் பயிற்சி பற்றியும் எழுதுங்கள். இந்தக் கட்டியால் வந்த தள்ளாட்டத்துக்கு எனக்கு மாத்திரையைவிட அதுதான் உதவியது.