முடிவு தெரிந்தாலும் கதை தீர்ந்துவிடாது
பழைய பேய்க்கதைகளின் பலமே கடைசித் திருப்பம்தான், அது முன்பே தெரிந்துவிட்டால் வாசகர் வட்டத்தில் பேச ஒன்றும் மிஞ்சாது என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1902-இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ கதையையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வட்டத்தில் பாதிப் பேருக்கு அதன் முடிவு தெரியும். ஆனாலும் இரண்டு மணி நேரம் பேச்சு ஓயவில்லை. மூன்று வேண்டுதல்களை நிறைவேற்றும் என்று சொல்லப்படும் ஒரு குரங்குப் பாதத்திடம், வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு கேட்கிறார் அப்பா. மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோக, நிறுவனம் தரும் தொகையும் அதே 200 பவுண்டு. இது மந்திரமா, தற்செயலா? எத்தனை முறை படித்தாலும் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மகன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று இரண்டாவதாக வேண்டிய பிறகு, இரவில் கதவைத் தட்டியது யார் என்பதும் அப்படித்தான். அம்மா தாழ்ப்பாளோடு போராடுகிறாள், அப்பா இருட்டில் தரையைத் தடவிப் பாதத்தைத் தேடுகிறார், கதவு திறந்தால் ஆளில்லாத தெரு. அவருடைய மூன்றாவது வேண்டுதல் என்ன என்று ஜேக்கப்ஸ் வாய்விட்டுச் சொல்லவே இல்லை! எங்களில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா, “அவன் எந்தக் கோலத்தில் வந்திருந்தாலும் நான் திறந்திருப்பேன்” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம், இத்தகைய கதைகளைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருப்பது மிகச் சரி. ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் தன் கதைகளைக் கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியவர்தானே. கதவு தட்டப்படும் அந்தப் பக்கத்தையாவது ஒருவர் நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும்.