ஹந்தானைக் கட்டடம் வேறு, கம்பளை லயம் வேறு

இலங்கையில் தேயிலையை முதலில் வணிகமாகப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் குடியிருந்த வீடுதான் கம்பளை ஓல்ட் பீகொக் தோட்டத்துத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாறியது என்றும், மலையகத் தமிழராகிய நம் முன்னோர் 1867இல் தேயிலைக்காகவே முதன்முதலில் வந்தனர் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

செய்தியோடு வரும் நான்கு மாடிக் கட்டடப் படம் கண்டி ஹந்தானையிலுள்ள இலங்கைத் தேயிலை அருங்காட்சியகத்தினுடையது; 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை அது. ஓல்ட் பீகொக்கில் இருப்பதோ, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அருங்காட்சியகமாக்கிய பழைய லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடு. துரைமார் பங்களாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு குடும்பமே சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்ற பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை (லய அறைகளை) இன்றும் தோட்டங்களில் காணலாம். அத்தகைய சுவர்களுக்குள் அம்மக்களின் பொருட்களை வைத்ததுதான் இந்த இடத்தின் சிறப்பு என்பது என் எண்ணம்.

டெய்லர் தேயிலை பயிரிட்டது கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்தில். அங்கே அவருடைய குடிலில் எஞ்சியிருப்பது புகைபோக்கி மட்டுமே. அவர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நடுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் மலையேறிவிட்டனர். தேயிலை பரவியது, 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னரே.

இரு அருங்காட்சியகங்களையும் நேரில் பார்த்து ஒப்பிடலாம். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியவர்கள் அதே குழுவில் இத்திருத்தத்தையும் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.